ஆளுக்கொரு சுரம்: ஆய்ச்சியர் குரவையும் அனைவர்க்குமான கூட்டிசையும்

சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்தோர் பலர். அரங்கேற்று காதையின் யாழிலக்கணமும் பாலை திரியும் முறையும் நுணுகி ஆராயப்பட்டுள்ளன. பதினேழாவதாக அமைந்த ஆய்ச்சியர் குரவையும் பண்ணாராய்ச்சிக்கு உரிய களமாகவே விளங்கி வருகின்றது. ஆயினும் அக்குரவையில் பாடுவோர் எத்தகைய பயிற்சி உடையோர், ஒருவரோடொருவர் எம்முறையில் சேர்கின்றனர் என்னும் வினா அத்துணையாகக் கேட்கப்பட்டதில்லை.

இன்று அவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அறிவுத்திறன் வளர்ச்சியில் குறையுடைய இளைஞர்களும் மற்றவர்களும் ஒரே குழுவில் அமர்ந்து இசை செய்யும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் நடைபெறுகின்றன. அவற்றைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் பாராட்டுரைகளாகவே உள்ளன. திறனாய்வாக அமைந்தவை சில. இசையை இசையாக மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அதனைக் குரவையிலிருந்து பெறலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கற்றல் குறைபாடு என நாம் பெயர்க்கும் சொல் பிரிட்டனில் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறையைக் குறிக்கும். நம் நாட்டிலோ வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் மட்டும் இடர்ப்படும் குழந்தைகளுக்கு அது வழங்குகின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறாக எண்ணுகின்றது. எழுத்தில் மட்டும் இடர்ப்படுவோர்க்கு நம் இசைமரபு இயல்பாகவே இடம் தருவது. அது செவிவழிக் கல்வி. ஈண்டு நாம் பெரிதும் கருதுவது முற்கூறிய வகையினரை. புரிந்துகொள்ளவும் மறுமொழி தரவும் அவர்களுக்குக் கூடுதலான காலம் தேவைப்படும்.

குரவையின் அமைப்பு

ஆயர்பாடியில் தீய குறிகள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆனேற்றின் கண்கள் நீர் சொரிகின்றன. மாதரி தன் மகள் ஐயையிடம், கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கின்றாள். ஏறு வளர்த்த ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களைச் சூட்டுகின்றாள். குரலைக் கண்ணன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் கொள்கின்றனர். கை கோத்து வட்டமாக நின்று முல்லைத் தீம்பாணி பாடுகின்றனர்.

இதனை மாதவியின் அரங்கேற்றத்தோடு ஒப்பிட்டுக் காண்க. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்றவள். ஆடலாசிரியனும் இசையாசிரியனும் முழவு, குழல், யாழ் ஆசிரியர்களும் அவளுக்குத் துணை. அரசன் கண்டு மதிப்பிட்டு, தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அளிக்கின்றான். அங்கே ஏழு சுரமும் ஒருத்தியிடம் அடங்கியுள்ளன. குரவையில் ஒருத்திக்கு ஒரு சுரம். முழுப் பண்ணை உடையவர் எவரும் இலர். விளரி என்னும் பெயருடையவள் வட்டத்திலிருந்து விலகினால் விளரி இல்லாத பண்தான் எஞ்சும்.

இளங்கோவடிகள் இவ்விரண்டையும் ஒரே காப்பியத்தில் வைத்தார். தனியொருவர் ஆற்றலால் உயரும் கலை ஒன்று. பலர் சேர்ந்தாலன்றி இல்லாத கலை மற்றொன்று. நம் சபைகளின் செவி நெடுங்காலமாக முதல்வகைக் கலைக்கே பழகிவிட்டது. அச்செவியோடு இரண்டாம் வகையைக் கேட்பதனால்தான் இரக்கத்தைத் தவிர வேறு சொல் நமக்குக் கிடைப்பதில்லை.

ஆயர் மகளிர் குறையுடையோர் என்று காப்பியம் கூறவில்லை. நாமும் அவ்வாறு கூற வரவில்லை. நம் பழைய இலக்கியம் இத்தகையோரிடம் எப்போதும் பரிவோடு நடந்துகொண்டது என்றும் சொல்வதற்கில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டு ஊமையையும் செவிடையும் மருளையும் சேர்த்து எண்வகைப் பிறப்புகளை எண்ணி, அவற்றால் பயனில்லை என்னும் பழங்கருத்தை எடுத்துரைக்கின்றது. குரவையிலிருந்து நாம் கொள்வது அதன் அமைப்பை மட்டுமே.

ஐந்து கட்டைகளும் மூங்கிற் கிலுக்கும்

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் குழந்தைகளுக்காக வகுத்த இசைக்கல்வி முறையில் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவிகள் முதன்மையானவை. அக்கட்டைகள் எடுத்து மாட்டத்தக்கன. ஏழு சுரக் கட்டைகளுள் மத்திமத்தையும் நிஷாதத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவன ஐந்து. அவ்வைந்தும் நம் மோகனத்தின் சுரங்களே. முல்லைத் தீம்பாணியை இசையறிஞர் பலர் மோகனம் என்றே கொள்கின்றனர். இவ்வைந்தனுள் எதனோடு எது சேர்ந்தாலும் செவிக்கு உறுத்தல் இல்லை. இம்முறையைக் குறையுடைய குழந்தைகளுக்கென மேலும் வளர்த்தவர் கெர்ட்ரூட் ஆர்ஃப் அம்மையார்.

இம்முறையின் நன்மை வெளிப்படை. கருவியைத் தொட்ட முதல் நாளிலேயே குழந்தை அச்சமின்றி இசைக்கலாம். ஆயினும் இங்கே ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். பிழையே நேர முடியாத இடத்தில் ஒருவன் செய்தது சரியா என்னும் வினாவுக்கும் இடமில்லை. இனிய ஓசை இடையறாது ஒலிக்கும். ஒருவன் தட்டினாலும் தட்டாவிட்டாலும் வேறுபாடு தெரியாது. ஆண்டுக்கணக்கில் அந்நிலையிலேயே ஒருவனை நிறுத்திவைப்பது அவனைப் பாதுகாப்பதாகலாம். இசைக் குழுவினனாக ஏற்றதாகாது.

இந்தோனேசியாவின் அங்க்லுங் இதற்கு மாறானது. மூங்கிற் குழாய்களால் ஆன கிலுக்கு அது. ஒரு கிலுக்கிற்கு ஒரு சுரமே உண்டு. வழிநடத்துவோர் கைச்சைகை காட்ட, அவரவர் தம் கிலுக்கை உரிய நேரத்தில் அசைப்பர். பலர் அசைத்தால்தான் ஒரு பாட்டு உருவாகும். 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இக்கருவி அந்நாட்டின் சிறப்புப் பள்ளிகளிலும் பயிலப்படுகின்றது. இங்கே வேலை எளிது, பொறுப்போ மெய்யானது. ஒருவன் அசைக்கத் தவறினால் பாட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். அப்பள்ளம் விழக்கூடும் என்பதனாலேயே அவன் அசைப்பதற்கு மதிப்பு உண்டாகின்றது. குரவையின் அமைப்பும் இதுவே.

உரிய நேரத்தில் அசைக்க இயலாதவனுக்கு வழி யாது எனக் கேட்கலாம். இதற்கு விடை தந்தவர்கள் பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் என்னும் இருவர். நார்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர். கல்லூரிப் பேராசிரியப் பணியைத் துறந்து இப்பணிக்கு வந்தவர். ராபின்ஸ் இங்கிலாந்தின் சன்ஃபீல்ட் இல்லத்தில் ஆசிரியர். 1959இல் அங்கே இருவரும் இணைந்தனர். நான்கு முழவுகளுக்கென ஒன்று, சில ஊதுகொம்புகளுக்கென மற்றொன்று என நார்டாஃப் குழந்தைகளுக்காகவே இசை எழுதினார். ஒரு குழந்தைக்கு ஓர் உருப்படி முழுவதிலும் சில அடிகளே இருக்கலாம்; ஆனால் பாட்டு திரும்புமிடத்திலும் முடியுமிடத்திலும் அவ்வடிகள் விழும். அவ்விடத்தில் பியானோ காத்திருக்கும். குழந்தை எடுத்துக்கொள்ளும் காலமே அங்கே தாளமாகிவிடும். பயின்ற இசைஞன் தன் தாளத்தை விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கின்றான். பயிற்சி இரு பக்கத்தாருக்கும் உரியதாகின்றது.

தம் வாயால் பாடுதல்

வட்டத்தில் இடம் கிடைத்தது. சொல்லுக்கு இடம் கிடைத்ததா என்பது அடுத்த வினா. குரவையிலும் மாதரியே பெயர் சூட்டுகின்றாள். இவ்வகையில் ஃபின்லாந்தின் ஓர் இசைக்குழு கருதத்தக்கது. அறிவுத்திறன் வளர்ச்சியில் குறையுடைய ஆடவர் நால்வர் 2009இல் தொடங்கிய அக்குழுவின் பெயர் ‘பெர்ட்டி குரிக்காவின் பெயர்நாள்’ எனப் பொருள்படும். அவர்கள் இசைத்தது ‘பங்க்’ என்னும் கடுமையான, உரத்த இசை. 2015இல் வியன்னாவில் நடந்த யூரோவிஷன் போட்டியில் அவர்கள் தம் நாட்டின் சார்பில் பாடினர். ஒன்றரை நிமிடத்திற்கும் குறைந்த அப்பாடல், அன்றுவரை அப்போட்டியில் பாடப்பட்டவற்றுள் மிகக் குறுகியது. துப்புரவு செய், பாத்திரம் கழுவு, மருத்துவரிடம் போ, இனிப்பு உண்ணாதே என்று தம்மை நாள்தோறும் ஏவுவோர்மீது எழும் சினமே அதன் பொருள். இறுதிச் சுற்றுக்கு அவர்கள் தேறவில்லை. 2012இல் வெளிவந்த ஆவணப்படம் அவர்கள் சண்டையிடுவதையும் அழுவதையும் காதலிப்பதையும் ஒளிக்காமல் காட்டுகின்றது.

அவ்விசை இனியதன்று, இனியதாக இருக்க அது முயலவுமில்லை. பொருளும் ஓசையும் அதில் ஒன்றுபட்டுள்ளன. இரக்கத்தை வேண்டாத இசை அது. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையைக் கேட்போர்க்கு அது தருகின்றது. நம் ‘அஞ்சலி’ (1990) படத்தை இதனோடு ஒப்பிடலாம். இளையராஜாவின் இசை சிறந்தது; அக்குழந்தையை ஏற்க மறுக்கும் குடியிருப்பாரைப் படம் துணிந்து கண்டித்தது. ஆயினும் பாட்டு அவளைச் சூழ்ந்து ஒலிக்கின்றது; அவளிடமிருந்து எழவில்லை. பிறர் உள்ளத்தைத் திருத்திவிட்டு அவள் மறைந்துவிடுகின்றாள். பிறரைத் திருத்துதல் தவிர அத்தகையோர்க்கு ஒரு வாழ்வு உண்டு என்பதனை ஃபின்லாந்தின் நால்வர் காட்டினர்.

குரவை தடுக்காதது

இசையால் குறை நீங்கும் என்று சிலர் கூறுவர். இங்கே இளங்கோவடிகளின் துணிவை நினைத்தல் வேண்டும். தீங்கு நீங்கவே ஆயர் மகளிர் குரவை ஆடினர். தீங்கு நீங்கவில்லை. கோவலன் கொலையுண்டான்; குரவையை அடுத்து வருவது துன்ப மாலை. எனினும் அடிகள் அக்குரவையைப் பயனற்றது எனக் காட்டவில்லை. காப்பியத்தின் இனிய இசைப் பகுதிகளுள் ஒன்றாக அமைத்தார். அச்சம் சூழ்ந்த பொழுதில் எழுவர் கை கோத்து நின்றனர். ஊரார்க்கு அன்று இயன்ற நன்மை அதுவே. நம் இளைஞர்க்கும் இசை மருந்தாகாமல் போகலாம். அதனால் அவர்கள் வட்டத்தில் நிற்கும் உரிமை குறைந்துவிடாது.

நம் மேடைக்கு ஒரு வேண்டுகோள்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனியொரு பங்கு உண்டு. இத்தகைய குழந்தையின் பெற்றோர்க்கு, ஒரு மொழியே போதும், வீட்டு மொழியை விட்டுவிடுங்கள் என்று அறிவுரை கூறுவார் பலர். டவுன் சின்ட்ரோம் உடைய குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் இருமொழிச் சூழலால் கேடு விளைவதாகக் காட்டவில்லை. ஆயினும் அவ்வறிவுரைக்கு அஞ்சி, வீட்டில் மற்றவர் தமிழ் பேச, அக்குழந்தையிடம் மட்டும் இந்தியோ மராத்தியோ பேசும் குடும்பங்கள் உள்ளன. பாட்டியோடு பேச அக்குழந்தைக்கு மொழி இல்லாமற்போகின்றது. தாலாட்டும் கும்மியும் பஜனையும் அந்த இழப்பை ஓரளவேனும் தடுக்கவல்லன.

அதற்கான வடிவங்கள் நம்மிடமே உள்ளன. பஜனையில் ஒருவர் நாமாவளியை எடுத்துக்கொடுக்க, ஏனையோர் அதனையே திருப்பிப் பாடுகின்றனர்; மனப்பாடம் வேண்டுவதில்லை. கோலாட்டத்தில் எதிர் நிற்பவரின் கோலே வழிகாட்டி. கும்மியில் கைத்தட்டு ஒன்றே போதும். தாளக்கட்டை ஏந்தியவன் ஓர் அடி தாமதித்தால் குழு அவ்வடிக்குக் காத்திருக்கலாம்.

நம் ஆண்டு விழாக்களில் நடப்பதோ வேறு. இறைவணக்கத்தை அடுத்து, தலைமை விருந்தினர் வருமுன், அவ்விளைஞன் தனியே ஒரு பாட்டுப் பாடுவான். அவையோர் எழுந்து கைதட்டுவர். அதன்பின் மறு ஆண்டுவரை அவனை ஒத்திகைக்கு அழைப்பார் இலர். அக்கைதட்டலை எண்ணிப் பெற்றோர் மகிழ்வதும் உண்டு. வீடு திரும்பும்போது வருந்துவதும் உண்டு.

ஆதலின் இத்தகைய நிகழ்ச்சியைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இவ்விளைஞனை நீக்கினால் பாட்டில் ஏதேனும் குறையுமா? பாட்டையோ கருவியையோ தேர்வதில் அவன் விருப்பத்திற்கு இடம் இருந்ததா? அவனுக்காக மற்றவர்கள் தம் தாளத்தை ஓரிடத்திலேனும் மாற்றினார்களா? மூன்றிற்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் அது கூட்டிசை. அதன்பின் சுருதி சேரவில்லை என்றாலும் பாட்டு நீளம் என்றாலும் தயங்காது கூறலாம். அக்குறைகூறலும் அவனைக் குழுவினருள் ஒருவனாக மதித்ததற்கு அடையாளமே.

வரும் நவராத்திரிக் கோலாட்டத்திற்கும் மார்கழி பஜனைக்கும் ஒத்திகை தொடங்கும் முதல் நாளிலேயே இவ்விளைஞர்களின் வீடுகளுக்குச் சொல்லி அனுப்புதல் வேண்டும். மேடையில் இடம் தருவதனினும் ஒத்திகையில் இடம் தருவதே முதற்கடமை. மாதரி எழுவருக்கும் பெயர் சூட்டியது ஆட்டம் தொடங்குமுன் அன்றோ?