ஹார்வர்ட் வாசலில் எடை பார்ப்பவர்கள்

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, மாணவரை முழுமையாகப் பார்க்கிறோம் என்பது அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில். சரிபார்க்க வழியில்லை, கோப்புகள் பூட்டிய அறைக்குள் இருந்தன. ஆசிய அமெரிக்கர்களிடம் பாகுபாடு காட்டுவதாக 2014-இல் ஹார்வர்டின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு அந்தப் பூட்டை உடைத்தது. 2018-இல் பாஸ்டனில் நடந்த விசாரணையில் சேர்க்கை அலுவலகத்தின் கணக்குகள் வெளியே வந்தன. இனி அதன் வாக்கை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் ஹார்வர்டின் பக்க நியாயம். 2015-இல் சேர்ந்த அணிக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். இருந்த இடங்கள் 2,000-க்கும் குறைவு. ஆனால் பள்ளித் தரப்புள்ளி பிசகாமல் இருந்தவர்களே 8,000-க்கு மேல், எஸ்.ஏ.டி. பொதுத் தேர்வின் கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் ஏறத்தாழ 3,400. கட்-ஆஃப் போட்டு மேலிருந்து எண்ணி எடுக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது. வேறு அளவுகோல் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. அந்த அளவுகோல் எது, யாருக்குச் சாதகமாகச் சாய்கிறது என்பதில்தான் தகராறு.

படிப்பு, வகுப்பறைக்கு வெளியிலான ஈடுபாடு, விளையாட்டு, ஆளுமை ஆகிய நான்குக்கும் தனித்தனியே 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 1 என்றால் உச்சம். படிப்புக்கான எண்ணில் பெரிய குறை சொல்ல முடியாது. வசதியற்ற பள்ளியிலிருந்து வந்தவரின் மதிப்பெண்ணைக் கூடுதல் மரியாதையோடு படிப்பதும் சரியே. இடறுவது ஆளுமை எண்ணில். நேர்மை, துணிவு, கருணை, பிறரோடு பழகும் பாங்கு எல்லாவற்றையும், பெரும்பாலும் மாணவரைப் பார்க்காமலேயே, கட்டுரையிலும் சிபாரிசுக் கடிதத்திலும் தேடி ஓர் அதிகாரி எண் போடுகிறார். இந்த எண் ஆசிய அமெரிக்கர்களுக்குச் சராசரியாகக் குறைவாக விழுந்தது. நேரில் உட்கார்ந்து பேசிய பழைய மாணவர்களின் மதிப்பீட்டிலோ அந்த அளவு இறக்கம் இல்லை. வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதாக நிரூபணமாகவில்லை என்று நீதிபதி அலிசன் பரோஸ் 2019-இல் தீர்ப்பளித்தார். இருக்கட்டும். நேரில் காணாதவர் கண்டவரைவிடக் கறாராக இருக்கும் எண்ணை அளவை என்று எப்படிச் சொல்வது?

இந்த அளவுகோலுக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. 1920-களில் நுழைவுத் தேர்வில் யூத மாணவர்கள் அதிகமாகத் தேறியபோது, அவர்களுக்கு 15 சதவீத வரம்பு வைக்கலாம் என்றார் ஹார்வர்ட் தலைவர் லோவல். பேராசிரியர் குழு அதை ஏற்கவில்லை. 1926-இல் ‘குணநலன்’ சேர்க்கை விதிக்குள் வந்தது. யூதர் எண்ணிக்கை சரிந்தது. சமூகவியலாளர் ஜெரோம் கேரபெல் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பிறப்பு கெட்டது என்பதற்காக இன்றைய வழக்கமும் கெட்டதென்று தீர்த்துவிட முடியாது. ஆனால் சந்தேகத்தின் பலனை அதற்குத் தரவும் முடியாது.

ஆளுமை எண்ணையாவது வாதிட்டுக் காப்பாற்றலாம். சலுகைப் பட்டியலைக் காப்பாற்ற வாதமே கிடையாது. பயிற்சியாளர்கள் கேட்டு வாங்கும் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் வாரிசுகள், நன்கொடையாளர் வீட்டுப் பெயர்கள் இடம்பெறும் டீனின் பட்டியல், ஊழியர்களின் பிள்ளைகள்: வழக்கு ஆவணங்களின்படி சேர்க்கப்பட்ட வெள்ளையரில் 43 சதவீதத்துக்கு மேல் இந்த நான்கு வகையினர். சலுகை இல்லையென்றால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலிலேயே நின்றிருப்பார்கள் என்கிறது பொருளியலாளர் ஆர்சிடியகோனோ குழுவின் ஆய்வு. விளையாட்டு ஏழைக்குத் திறக்கும் கதவல்லவா என்று கேட்கலாம். படகோட்டம், வாள்வீச்சு, ஸ்குவாஷ் எந்த ஏழைப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்?

பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேல் முத்திரை குத்தியது. ஒரே தேர்வு மதிப்பெண் இருந்தும், உச்ச 1 சதவீதப் பணக்காரப் பிள்ளை ஹார்வர்ட் உள்ளிட்ட 12 உயர்நிலைக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையுடையதைப் போல இரு மடங்குக்கு மேல். வாரிசுரிமை, விளையாட்டு, படிப்பல்லாத பிற தகுதிகள் ஆகியவையே முக்கியக் காரணம். இவற்றால் உள்ளே போனவர்கள் பிற்காலத்தில் கூடுதலாகச் சாதித்ததாகவும் தெரியவில்லை. பின்னாளைய வெற்றியை முன்கூட்டிக் காட்டியவை மதிப்பெண்ணும் படிப்பும்தான்.

எஸ்.ஏ.டி.யும் பணக்காரருக்கே சாதகம் என்பது உண்மை. ஆனாலும் கட்டுரையைக் காசு கொடுத்துச் செதுக்குவது அதைவிட எளிது; சென்னையிலும் அதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 2020-இல் தேர்வைக் கட்டாயமில்லை என்று விட்டவர்களில் எம்.ஐ.டி. 2022-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மத்தும் ஹார்வர்டும் 2024-இல். தமக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை ஏழை மாணவர்களே மறைத்துவிட்டார்கள் என்று டார்ட்மத் கண்டுபிடித்தது.

ஆக, சூழலோடு சேர்த்துப் படிக்கப்படும் கல்வித் திறன் நிற்கிறது. ஆளுமை எண் கேட்பாரற்ற விருப்புரிமை. வாரிசுச் சலுகைக்குத் தகுதி என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது. அது இல்லாமலே எம்.ஐ.டி. எம்.ஐ.டி.யாக இருக்கிறது. 2023 ஜூனில் இதே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இன அடிப்படையை நீக்கியபோது இந்தச் சலுகையைத் தொடவில்லை. கலிஃபோர்னியா 2025 செப்டம்பர் முதல் தனியார் பல்கலைக்கழகங்களிலும் அதைத் தடை செய்தது. ஸ்டான்ஃபோர்ட் மாநில அரசின் மாணவர் உதவித்தொகையைத் துறந்து, வாரிசுச் சலுகையை வைத்துக்கொண்டது.