'பிளாக்' படத்தில் இல்லாத ஒரு காட்சி

சஞ்சய் லீலா பன்சாலியின் 'பிளாக்' (2005) படத்தைப் போன வாரம் திரும்பப் பார்த்தேன். அமிதாப், ராணி முகர்ஜி நடிப்பைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. என் பிரச்சினை வேற.

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத மிஷெல், இடுப்பில் மணி கட்டி வளர்க்கப்படுகிற பெண். ஒரு வாத்தியார் வருகிறார், போராடுகிறார், நீரூற்றுத் தண்ணியில் அவளுக்கு மொழி பிடிபடுது. ஹெலன் கெல்லருக்கு 1887இல் நடந்ததுதான். ஆனா ஹெலனுக்கு நோய் வந்தது 19 மாசத்தில். அதுக்கு முன்னாடியே தண்ணிக்கு ஒரு மழலைச் சொல் தெரியும்னு அவரே எழுதியிருக்கார். தாயின் கர்ப்பத்திலேயே ரூபெல்லா தாக்கி, இரண்டும் இல்லாமல் பிறக்கிற குழந்தைக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? படம் இந்தப் பக்கமே வரலை.

நம்ம ஊரில் அறிவுத்திறன் குறைபாட்டுச் சான்றிதழுக்கு வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்துறாங்க. மாலின் இந்தியாவுக்கு ஏத்தபடி மாத்தினது. பெரும்பாலும் அம்மாவிடம் கேட்டு நிரப்புவாங்க. தெரிஞ்ச பொருட்களுக்குப் பேர் சொல்றானா? நடந்ததை விவரிக்கிறானா? தனியா ஸ்கூல் போறானா? அம்மா உண்மையைத்தான் சொல்வாங்க: இல்லை, இல்லை, இல்லை. மதிப்பெண் விழுந்துடும். எங்க டெஸ்டிங் ஆட்களுக்கு இது புரியும். இன்புட்டே உள்ளே போகலை. புரோகிராம் வேலை செய்யலைன்னு ரிப்போர்ட்.

2016 சட்டம் இந்த நிலையைப் பல்வகைக் குறைபாட்டில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கு, நல்லது. ஆனா சான்றிதழில் 'கடுமையான அறிவுத்திறன் குறைபாடு'ன்னு ஒரு தடவை ஏறிட்டா, அந்தப் பிள்ளைக்குத் தொடுமொழி கத்துத்தரலாம்னு யாருக்குத் தோணும்?

நெதர்லாந்துக்காரர் யான் வான் டைக், ரூபெல்லா குழந்தைகளோட வேலை செய்து உருவாக்கின முறையில் கேள்வித்தாளே இல்லை. குழந்தை ஆடினா நாமும் கூட ஆடணும். சட்டுனு நிறுத்திட்டுக் காத்திருக்கணும். உங்க கையைப் பிடிச்சு இழுக்குதா? அப்ப 'இன்னும் வேணும்'னு கேட்குது. ஆட்டத்தை மாத்தினதும் உடம்பு ஒரு நொடி நிக்குதா? அப்ப பழசு ஞாபகம் இருக்கு, அடுத்து என்னன்னு எதிர்பார்த்திருக்கு. இதெல்லாம் அரை மணி நேரத்தில் முடியாது. குழந்தைக்குப் பழக்கமான கை வேணும். மயிலாப்பூர் கிளார்க் பள்ளி மாதிரி இடங்களில் இந்தப் பிள்ளைகளோடவே வருஷக்கணக்கா இருக்கிற டீச்சர்கள்கிட்ட அந்தக் கை இருக்கு. சான்றிதழ் எழுதுறவர் அவங்களை ஒரு வார்த்தை கேட்கலாம்.

படத்தில் ஒரே ஒரு இடம் இதுக்குக் கிட்ட வருது. மிஷெல் கல்லூரியில் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகிறாள். பாடம் தெரியும், டைப் அடிக்க நேரம் போதலை. பரீட்சை அவள் விரல் வேகத்தை அளந்துட்டிருக்கு. பன்சாலி அதை விடாமுயற்சிக் கதையா மாத்திட்டார். அங்கே இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்.