நாயகன் பெஞ்சில், அணி களத்தில்

ஹைதராபாத்தின் குகட்பள்ளியில் குடியிருக்கும் தமிழனுக்குக் கபடி சீசன் வந்தால் இரட்டைத் தலைவலி. பிறந்த ஊர்ப் பாசத்துக்குத் தமிழ் தலைவாஸ், வாடகை கொடுக்கும் ஊருக்குத் தெலுங்கு டைட்டன்ஸ். 2014-இல் புரோ கபடி தொடங்கிய நாள் முதல் ஆடிவரும் டைட்டன்ஸும் சரி, 2017-இல் வந்து சேர்ந்த தலைவாஸும் சரி, இன்றுவரை கோப்பையைத் தொட்டதில்லை. இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான். பெரிய ரெய்டர் ஒருவரைப் பணம் கொட்டி வாங்குவது, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது.

அந்த வியாதிக்கு மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? அபிட்ஸில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் விரித்துப் போடும் பழைய புத்தகக் குவியலில். ரிக் ரியோர்டன் எழுதிய பெர்சி ஜாக்சன் வரிசையின் மூன்றாவது நாவல், 2007-இல் வந்த ‘டைட்டனின் சாபம்’. பெயரைப் பார்த்து டைட்டன்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது ரியோர்டன் வைத்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயாஜாலக் கதை. கிரேக்கத் தெய்வங்கள் இன்றைய அமெரிக்க நகரங்களில் நடமாடுகிறார்கள், அவர்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அரக்கர்களோடு சண்டை போடுகிறார்கள். முதல் இரண்டு நாவல்களும் சுவாரசியம்தான். ஆனால் ஆட்டம் சூடு பிடிப்பது மூன்றாவதில். காரணம், ஆசிரியர் தன் நட்சத்திர ஆட்டக்காரனையே அணியிலிருந்து நீக்குகிறார்.

எங்கள் அடுக்ககத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வீட்டில் தமிழ், லிஃப்டில் தெலுங்கு, படிப்பது இங்கிலீஷ். நான் புத்தகத்தோடு போவதைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “அங்கிள், பெர்சியை டீம்லயே எடுக்கலையே, அந்த இடம் வந்துடுச்சா?” முழு நாவலின் விமர்சனமும் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு கொடி ஆட்டம். இந்தப் பிள்ளைகள் பயிற்சி பெறும் முகாமுக்கு வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் வேட்டைக்காரிகள் விருந்தாளிகளாக வருகிறார்கள். மரபுப்படி இரு தரப்புக்கும் காட்டுக்குள் ஒரு போட்டி. நடுவில் ஓடை, அதுதான் எல்லைக்கோடு. எதிரியின் கொடியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடையைத் தாண்டுபவர்களுக்கு வெற்றி. வேட்டைக்காரிகள் ஐம்பது முறைக்கு மேல் தொடர்ச்சியாக ஜெயித்துவரும் அணி. முகாம் அணிக்கோ இரண்டு கேப்டன்கள், பெர்சியும் ஜூஸின் மகள் தாலியாவும். இரண்டு கேப்டன் என்றாலே பாதி ஆட்டம் போயிற்று என்று எந்தக் கோச்சும் சொல்வார்.

வியூகம் தெளிவானது. தாலியா தாக்குதலுக்குப் போக வேண்டும், பெர்சி பின்னால் நின்று கொடியைக் காக்க வேண்டும். ஆனால் பெர்சிக்குக் கால் நிற்கவில்லை. எதிர்க்கொடிக்குக் காவல் குறைவு என்று கண்ணில் பட்டதும் தன் இடத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறான். கொடியையும் எடுத்துவிடுகிறான். அந்த நேரத்தில் அவன் விட்டுப்போன பக்கமாகவே புகுந்து முகாமின் கொடியைத் தூக்கிவிட்டாள் ஸோயி நைட்ஷேட், வேட்டைக்காரிகளின் தலைவி. பெர்சி ஓடையை எட்டுவதற்குள் அவள் தாண்டியாகிவிட்டது. தனியாளாகப் பார்த்தால் பெர்சி ஆடியது அற்புதமான ரெய்டு. அணியாகப் பார்த்தால் தோல்வி. கபடியில் இதை வாராவாரம் பார்க்கிறோம். கார்னரில் நிற்க வேண்டியவர் அவசரப்பட்டு முன்னே பாய்வார், ரெய்டர் அந்த ஓட்டை வழியாகவே கோட்டுக்குத் திரும்புவார்.

அடுத்து நடப்பது இன்னும் சுவை. தாலியா, “உன்னால்தான்” என்று பாய்ந்து மின்சாரம் பாய்ச்சுகிறாள். பெர்சி ஓடைத் தண்ணீரை எழுப்பி அவள் தலையில் கொட்டுகிறான். தோற்ற அணியின் ஓய்வறையில் நடக்கும் சண்டை இது, இங்கே ஊருக்கே முன்னால் நடக்கிறது. மாயாஜாலத்தைக் கழற்றிவிட்டால் அச்சு அசல் நம் உள்ளூர் டோர்னமெண்ட்.

அதற்குப் பிறகுதான் அணித் தேர்வு. ஆர்ட்டெமிஸைக் காணவில்லை, மீட்க ஐவர் போக வேண்டும். வேட்டைக்காரிகள் தரப்பில் மூவர்: ஸோயி, ஃபீபி, புதிதாகச் சேர்ந்த சிறுமி பியாங்கா. முகாம் தரப்பில் இருவர்: தாலியா, பெர்சியின் நண்பன் க்ரோவர். தலைமை ஸோயிக்கு. பெர்சிக்கு இடமில்லை. தொடரின் பெயரே அவன் பெயர், தலைமைத் தெய்வங்களில் ஒருவரின் மகன், இரண்டு நாவல்களை ஜெயித்துக் கொடுத்தவன், இருந்தும் இடமில்லை. ஃபீபி உடல்நலம் கெட்டு விலக, சொல்லாமல் கொள்ளாமல் பின்தொடர்ந்த பெர்சி ஐந்தாவது ஆளாக உள்ளே வருகிறான். மாற்று ஆட்டக்காரன் என்ற தகுதிதான் அவனுக்கு.

அந்தத் தகுதிக்கு ஏற்றபடியே அவனை ஆடவிடுகிறார் ரியோர்டன். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் நெமியச் சிங்கம் எதிர்ப்படுகிறது. அதன் தோலில் அம்பு இறங்காது, வாள் இறங்காது. பெர்சி என்ன செய்கிறான்? அருங்காட்சியகக் கடையிலிருந்து விண்வெளி வீரர்களுக்கான உலர்ந்த தின்பண்டப் பொட்டலங்களை அள்ளிவந்து சிங்கத்தின் வாய்க்குள் வீசுகிறான். விக்கித் திணறி அது வாயைத் திறக்க, வேட்டைக்காரிகளின் அம்புகள் உள்ளே போகின்றன. புள்ளி அவர்கள் கணக்கில், அசிஸ்ட் மட்டும் இவன் கணக்கில். இறுதிக் கட்டமும் அப்படித்தான். சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே மலையுச்சியில் வானத்தைத் தாங்கி நிற்கும் ஆர்ட்டெமிஸிடமிருந்து அந்தச் சுமையைப் பெர்சி வாங்கிக்கொள்கிறான், கை விடுபட்ட அவள் டைட்டன் அட்லஸோடு மோதுகிறாள். நாயகன் முழங்காலிட்டுப் பாரம் சுமக்க, வேறொருத்தி ஆட்டத்தை முடிக்கிறாள். ஐந்து பேரில் இருவர் உயிரோடு திரும்புவதில்லை. ஸ்கோர்போர்டில் வெற்றி என்று இருந்தாலும் அணி அதற்குக் கொடுத்த விலையை ஆசிரியர் மறைக்கவில்லை.

நட்சத்திரத்தை நம்பாமல் அணி ஜெயிப்பது கற்பனையில் மட்டும் நடக்கும் என்று நினைப்பவர்கள் கபடிக் கணக்கைப் பார்க்கட்டும். 2019-இல் டைட்டன்ஸின் செல்லப்பிள்ளை ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு வாங்கியது தலைவாஸ். அஜய் தாக்கூரும் மஞ்சீத் சில்லரும் உடன் இருந்தார்கள். கடைசி இடம். 2022-இல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று, சீசன் முழுவதும் வெளியே. முடிந்தது கதை என்று நாமெல்லாம் தலையில் கை வைத்தோம். அந்த வருடம்தான் நரேந்தர் என்ற புது ரெய்டர் 200 புள்ளிகளைத் தாண்டினார், தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

அடுத்த சீசனில் அதே பவனை 2.605 கோடி கொடுத்து டைட்டன்ஸ் வாங்கியது. அவர் குறை வைக்கவில்லை, 200 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். அணி 22 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டு. மூன்றாவது வருடமாகக் கடைசி இடம். ஒருவர் பாடிக்கொண்டே போக, ஆறு பேர் நின்று பார்த்த சீசன் அது. 2025-இல் பவன் இல்லை. விஜய் மாலிக் தலைமையில், ரெய்டைப் பங்கு போட்டுக்கொண்டு ஆடிய அணி இரண்டாவது குவாலிஃபயர் வரை போனது. பவன் மட்டமான ஆட்டக்காரர் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த ரெய்டர்களில் ஒருவர். ஒருவர் மேலேயே சாய்ந்து பழகிய அணிக்கு நிற்கத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

ரோலிங்குக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. 2005-இல் வந்த ஆறாவது ஹாரி பாட்டர் நாவலில் கேப்டன் ஹாரி தண்டனை அனுபவித்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஜின்னி அவன் இடத்தில் ஆட, க்ரிஃபிண்டோர் 450-140 என்று கோப்பையைத் தூக்குகிறது. ஆனால் அது ஒரு அத்தியாயத்து உத்தி. ரியோர்டன் நாவல் முழுவதற்கும் அதையே அடித்தளமாகப் போட்டிருக்கிறார். நம் பாண்டவர்களை வைத்து இதே பாணியில் ரோஷணி சோக்ஷி எழுதிய ஆரு ஷா வரிசையும் (ஐந்து நூல்கள், 2018 முதல் 2022 வரை) அணி ஆட்டம்தான். அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

குறைகளும் உண்டு. பயணத்தில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஏதாவது ஒரு தெய்வமோ விலங்கோ வண்டி அனுப்பிவிடுகிறது. ஒருமுறை ரயில், ஒருமுறை ராட்சதக் காட்டுப்பன்றி, ஹூவர் அணையில் வெண்கலச் சிலைகளே பறந்து தூக்கிச் செல்கின்றன. எதிரணி போடும் வைடு பந்துகளிலேயே ஸ்கோர் ஏறுவது மாதிரி, இதில் ஆட்டக்காரரின் திறமை எங்கே? பெர்சியின் தோழி அனபெத் ஏறக்குறைய நாவல் முழுவதும் களத்துக்கு வெளியே. முந்தைய இரண்டு நாவல்களில் மூளையாக இருந்தவளை இப்படிக் கடத்தி வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. தாலியாவும் ஸோயியும் அந்த இடத்தை நிரப்பியதால் தப்பித்தது.

சினிமாக்காரர்கள் 2010, 2013 என்று இரண்டு படங்களோடு நிறுத்திக்கொண்டார்கள், இந்தக் கதை வரை வரவே இல்லை. டிஸ்னி தொடரின் மூன்றாவது சீசன் இதைத்தான் எடுக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் படித்துவிடுவது நல்லது. எங்கள் குகட்பள்ளியின் கே.பி.எச்.பி. காலனி விடுதிகளில் தங்கி நுழைவுத்தேர்வுக்கு மாடல் பேப்பர் எழுதிக் களைத்த பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு மதியம் போதும். பெற்றோர்கள் அன்றைக்கு மட்டும் ரேங்க் பற்றிப் பேசாமல் இருந்தால் புண்ணியம்.

என் தீர்ப்பு: ஐந்து நூல் கொண்ட முதல் வரிசையில் சிறந்த ஆட்டம் இது. முதல் இரண்டைப் படிக்காமல் நேராக இதில் இறங்காதீர்கள். பெர்சி ஜெயித்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அவனை பெஞ்சில் உட்காரவைத்தது உறைக்கும்.