மூன்று குறுணி நெல்லும் ஒரு விண்ணப்பமும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில் ஐம்பது பேருக்கான படிக் கணக்கு இருக்கிறது. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். முதலாம் இராசராசன் ஏற்படுத்திய நிவந்தம் இது. பாடுகிறவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

குடமுழுக்கு மலருக்கு, சமயம் மனிதர் வாழ்வில் என்ன செய்கிறது என்று எழுதித் தரக் கேட்டார்கள். தத்துவ நூல்களிலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நெற்கணக்கிலிருந்துதான் தொடங்கத் தோன்றியது. அதில் இரண்டு செய்திகள் பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கின்றன.

ஒன்று, அந்த 48 பேரும் திருப்பதியத்தை விண்ணப்பம் செய்கிறார்கள் என்றே கல்வெட்டு பேசுகிறது. பாட்டு என்று நாம் நினைப்பதை அந்தக் காலம் மனு என்று நினைத்தது. ஊருக்காக ஒருவர் போய் முறையிடுகிறார்; அந்த முறையீட்டுக்குப் பண் இருக்கிறது, தாளம் இருக்கிறது, அவ்வளவே. மற்றொன்று, அவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ என்ன செய்வது என்ற ஏற்பாடு. அவருக்கு அடுத்த உறவினர் நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து பாட வைக்க வேண்டும். பிறப்பு வழி உரிமை உண்டு, ஆனால் பாடத் தெரியாதவன் ஊருக்காக முறையிட முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை யோசித்துக் கல்லில் எழுதி வைத்தவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

கல்வெட்டு திருப்பதியம் என்று சொல்லும் தேவாரத்தில் 8,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் எத்தனையோ பதிகங்கள் ஒரு மனிதனின் அன்றாடத் தேவையிலிருந்து பிறந்தவை என்கிறது மரபு. சமண முனிவராய்த் தருமசேனர் என்ற பெயரோடு இருந்த அப்பர், சூலை நோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தார். திருவதிகையில் கொல்லிப் பண்ணில் அவர் பாடிய முதல் பதிகம் வயிற்று வலியின் பதிகம். குண்டையூர் கிழார் கொடுத்த நெல்லைத் திருவாரூருக்குச் சுமந்து செல்ல ஆள் இல்லாமல் சுந்தரர் திருக்கோளிலியில் பாடினார். கண் போனபோதும் அவர் பாடினார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பாம்பு தீண்டி இறந்த வணிகனுக்காக, அவனை மணக்க வந்த பெண்ணின் அழுகையைக் கேட்டுச் சம்பந்தர் திருமருகலில் பாடினார். வீடுபேறு கேட்ட பாடல்கள் ஏராளம். ஆனாலும் நெல், கண், காய்ச்சல், துணை என்று கேட்ட பாடல்களைத்தான் மக்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் நீறு பூசித் திருநீற்றுப் பதிகம் சொல்லும் தாய்க்குச் சமயம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறைக்கக் கூடாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் கடிந்து பேசும். அந்தக் காலத்துச் சமயப் போரின் சூடு அதில் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பாடும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நெருடும். அதே சமணத்திலிருந்து வந்தவர்தான் அப்பர். அவர் தமிழின் செறிவில் அவர் அங்கே பயின்ற கல்வியும் சேர்ந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஒரு மரபை நேசிப்பவன் அதன் காயங்களையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

இந்த விண்ணப்பத்தை எப்படிச் செய்வது? மரபின் கிளைகள் இந்தக் கேள்வியில்தான் பிரிகின்றன.

ஏட்டிலேயே மூன்று வரிசைகள் உண்டு. பண் வாரியாக அடுக்கியது பண்முறை. ஊர் வாரியாக அடுக்கியது தலமுறை. நாயன்மார் வாழ்க்கை நடந்த வழியில் அடுக்கியது வரலாற்று முறை. பாடக் கற்பவருக்குப் பண்முறை, யாத்திரை போகிறவருக்குத் தலமுறை, கதை கேட்பவருக்கு வரலாற்று முறை. ஒரே பாடல் மூன்று பேர் கையில் மூன்று நூலாக இருக்கிறது.

பண்களே ஒருமுறை தொலைந்து போனவைதாம். நம்பியாண்டார் நம்பி தில்லையிலிருந்து தேவார ஏடுகளை மீட்டபின், பண் தெரியாமல் தவித்தார்களாம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண், திருஎருக்கத்தம்புலியூரில் இருந்தவர், பண்களை வகுத்துத் தந்தார் என்கிறது திருமுறை கண்ட புராணம். அவர் பெயரை அந்தப் புராணம் சொல்லவில்லை. இன்று கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரின் ஒவ்வொரு பண்ணும் பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் கொடை. 2006-இல் உறையூர் பஞ்சவர்ணசாமி கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக அமர்த்தப்பட்டபோது அதைப் புதுமை என்று பலர் பேசினார்கள். எனக்கு அது ஒரு பழைய கடன் அடைந்ததாகவே தோன்றியது.

பகல் பண், இரவுப் பண், பொதுப் பண் என்று ஓதுவார்கள் பிரிப்பார்கள். புறநீர்மை விடியலுக்கு உரியது, இன்று பூபாள இராகத்தில் பாடுகிறார்கள். மேகராகக்குறிஞ்சி இரவுக்குரியது, நீலாம்பரியில் வருகிறது. மழை வேண்டிப் பாடும் பதிகங்களும் இந்தப் பண்ணில்தான். செவ்வழி எந்நேரமும் பாடலாம், எதுகுல காம்போதியில். கௌசிகம் பைரவியாகவும் பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும் பாடப்படுகின்றன. தக்கராகம், தக்கேசி இரண்டும் இப்போது காம்போதிக்குள் அடங்கிவிட்டன. ஒன்று இரவுப் பண், மற்றொன்று பகல் பண். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் காதில் ஏதோ வேறுபாடு கேட்டிருக்கத்தான் வேண்டும். அது நம் காதுக்கு வந்து சேரவில்லை.

கிளைகளில் மிகப் பழையது கோயிலோடு ஒட்டிய குடும்ப மரபு. அப்பா பாடுவதைப் பிள்ளை பூசை நேரத்தில் பக்கத்தில் நின்று கேட்டுப் பிடித்துக்கொள்வது. அடுத்தது ஆதீனப் பாடசாலை. தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மடங்கள் தமிழுக்குச் செய்தவற்றில் இந்த ஓதுவார்ப் பயிற்சி எதற்கும் குறைந்ததல்ல. ஆசிரியர் ஓரடி சொல்ல, மாணவர்கள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சுர எழுத்து இல்லை. சந்தி பிரிக்காமல் ஒருமுறை, பிரித்து ஒருமுறை. ளகர லகர ழகரம் தடுமாறினால் அடுத்த அடிக்குப் போக முடியாது. நாக்குத் திருந்திய பிறகுதான் தொண்டைக்கு வேலை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் சுத்தாங்கம் என்ற பாடுமுறையில் தெரியும். கைத்தாளத்தோடு, பதிகத்தின் கட்டளைக்கு ஏற்பப் பாடுவது பண்ணாங்கம். தாளத்தை விலக்கி, சொல்லின் போக்கிலேயே பண்ணை விரித்துச் செல்வது சுத்தாங்கம். அப்பரின் தாண்டகத்தையும் விருத்தத்தையும் சுத்தாங்கமாகக் கேட்க வேண்டும். தாளம் இல்லாததால் ஓதுவாருக்கு மறைவிடமே இல்லை. பொருள் தெரியாமல் எந்தச் சொல்லில் நின்றாலும் அது உடனே வெளியே தெரிந்துவிடும். மேடைப் பாடகர் ஒரு சொல்லை எட்டு முறை வளைத்து நிரவல் செய்யலாம், அது அவருக்கு அழகு. சன்னதியில் நிற்பவர் அப்படிச் செய்தால் விண்ணப்பம் பாதியில் நின்றுபோகும். என் மட்டில் ஓதுவாரின் அளவுகோல் இதுதான்: வாசற்படியில் கூடை வைத்துக்கொண்டு நிற்கும் பூக்காரருக்குச் சொல் புரிந்ததா? குரல் இனிமை, இராக விரிவு எல்லாம் அதற்குப் பிறகு.

இருபதாம் நூற்றாண்டில் பண்கள் ஆராய்ச்சிக்கும் வந்தன. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917-இல் வெளிவந்தது. சுவாமி விபுலானந்தர் யாழ் நூலை 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். கிழக்கிலங்கையில் பிறந்தவர், கிறித்தவரான பண்டிதர் முன்னே திறந்த வழியில், சோழநாட்டுக் கோயிலில் தம் நூலை வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1943-இல் தொடங்கிய சென்னைத் தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தி ஓதுவார்களையும் அறிஞர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்தது. குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பாடிப் பண்ணை விளக்கினார். ஓதுவார் குடும்பத்திலிருந்து வந்த எம். எம். தண்டபாணி தேசிகர் திரையில் நந்தனாராக நடித்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். ஒலிநாடா வந்தபின் தருமபுரம் ப. சுவாமிநாதன் குரல் வீடு வீடாகப் போயிற்று. அவரைக் கேட்டே பாடம் பண்ணினவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பதிவுகள் பெரிய செல்வம். ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் இருந்த சின்னச் சின்னப் பாட பேதங்களும் இழுப்புகளும் அந்த ஒரு குரலுக்குள் மெல்லக் கரைகின்றன என்பதும் எனக்குக் கவலை.

ஈழத்தில் மரபு இன்னொரு வழியில் ஆழமாகியது. கோயில் பூசை முடிவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று பஞ்சபுராணம் ஓதுவதை அங்கே சிறுவர்களும் செய்வார்கள். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இறப்புச் சடங்கில் பொற்சுண்ணம் இடிப்பார்கள். உலக்கை விழ விழ, மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார்கள். பிரிவு என்ற ஒன்றைத் தாங்க மனிதர்களுக்குச் சமயம் கொடுத்த கருவிகளில் அந்த உலக்கையும் பாட்டும் சேர்ந்து எழுப்பும் ஓசைக்கு ஈடாக நான் வேறெதையும் கேட்டதில்லை.

இன்று மூன்று குறுணி நெல்லுக்கு நிகரான வாழ்வு எத்தனை ஓதுவார்களுக்குக் கிடைக்கிறது? கோபுரத்துக்கு வண்ணம் பூச நன்கொடை தருபவர்கள் பாடும் ஒருவரின் வீட்டு வாடகையையும் திருப்பணிக் கணக்கில் சேர்க்கலாம். கல்வெட்டில் அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

என் அப்பா இறந்த அன்று எங்கள் தெருக் கோடியிலிருந்து வயதான ஓதுவார் ஒருவர் வந்தார். யாரும் அழைக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து, "ஐயாவுக்கு எந்தப் பதிகம் இஷ்டம்?" என்று கேட்டார். பிள்ளைகள் நாங்கள் நால்வர், ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்த அம்மாதான் ஒரு தாண்டகத்தின் பெயரைச் சொன்னார். ஓதுவார் கண்ணை மூடிச் சுத்தாங்கமாகத் தொடங்கினார். மூன்றாம் பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார் போலும். பள்ளிக்கூடம் போகாத என் அம்மா, அழுகையை நிறுத்தி, சரியான சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். ஓதுவார் நின்றார். "ஆமாங்கம்மா" என்று தலையசைத்து, அந்த அடியை முதலிலிருந்து மறுபடி பாடினார்.