யாருடைய தாழ்மையைப் பாடுகிறோம்?

பாட்டை விமர்சிக்கலாம், ஜெபத்தை விமர்சிக்கலாமா என்று கேட்கிறார்கள். கீர்த்தனை எழுதியவர் விசுவாசத்தில் எழுதினார், பாடுகிறவர் விசுவாசத்தில் பாடுகிறார், நடுவில் எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். ஆனால் விசுவாசம் வரும்போது சொல்லையும் கையோடு கொண்டு வருவதில்லை. சொல்லை எழுதுகிறவர்தான் தேட வேண்டியிருக்கிறது. அவர் எந்தத் தெருவில் நின்று தேடுகிறாரோ அந்தத் தெருச் சொல்தான் அகப்படும். என்னுடைய வேலை அந்தத் தெருவைப் பற்றியது. விசுவாசத்தை அளக்க என்னிடம் படி கிடையாது.

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற சில சொற்களை எடுத்துக்கொள்வோம். அடியேன், நாயேன், பாவி, நீசன், ஈனன். ஆண்டவர் உயர்ந்தவர், நான் தாழ்ந்தவன், தாழ்ந்த என்னை அவர் தேடி வந்தார் என்பது பாட்டின் கட்டுமானம். இதில் என்ன தப்பு என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் பன்னிரண்டு வயதுவரை தோன்றவில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரு சனிக்கிழமை, கிழக்குக் காட்டில் ஒரு பம்புசெட்டில் குனிந்து தண்ணி குடித்தேன். தொட்டிக்குள் கையை விட்டுவிட்டேன். தோட்டக்காரர் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். "ஈனப்பய மவனே, தொட்டிய நாறடிச்சிட்டியேடா" என்றார். கட்டி முதுகில் பட்டது. மறுநாள் ஞாயிறு. கோயிலில் பாட்டு எடுத்தார்கள். இரண்டாவது சரணத்தில் அதே சொல் வந்தது. தோட்டக்காரர் வாயில் இருந்த சொல்லை ஆண்டவர் சன்னிதியில் நானே என் வாயால் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடி உருகிப் பாடினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்து என்னுடைய முதல் இலக்கிய விமர்சனம் அதுதான்.

இந்தச் சொல் பாட்டுக்குள் எப்படி வந்தது? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரிடமிருந்து தொடங்கலாம். 1774இல் பிறந்து 1864இல் இறந்தவர், ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் புலவராக இருந்தவர். கர்நாடக ராகத்தைக் கோயிலுக்குள் கொண்டு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மன் ராகத்தில் திக்கித் திணறிக்கொண்டிருந்த சபைக்குத் தமிழ்ப் பாட்டைக் கொடுத்தார். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதி, ஊர் ஊராகச் சுற்றும் குறத்தியின் கூத்து வடிவத்தையே சுவிசேஷத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அதே சாஸ்திரியார்தான் 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' எழுதினார். புதிதாக வந்த மிஷனரிகள் வெள்ளாளரும் பறையரும் கலந்து உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் தடை போட்டார்கள். இரண்டையும் சாஸ்திரியார் ஒரே கொடுமையின் இரண்டு முகமாகப் பார்த்தார். பாட்டைப் பறிப்பதும் பாயைப் பொதுவாக்குவதும் அவருக்கு ஒரே அநியாயம். குறத்தியைப் பாட்டுக்குள் வரவழைத்த புலவருக்குப் பறையரைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சம்மதமில்லை.

நம்முடைய அறிஞர்கள் இந்தப் போராட்டத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, தமிழிசையைக் காத்த வீரம் என்று எழுதுகிறார்கள். மறு பாதியைக் காலத்தின் குறை என்று அடிக்குறிப்பில் தள்ளுகிறார்கள். நான் இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறேன். ஏனென்றால் பாட்டில் 'நாங்கள்' என்று சொல்கிற அந்த ஆள் யார் என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் வைணவ வெள்ளாளர் குடும்பத்தில் பிறந்தார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளிவந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று பட்டம் கொடுத்திருக்கிறோம். கம்பனையும் ஆழ்வார்களையும் கரைத்துக் குடித்தவர், இயேசுவின் முன் அந்தத் தமிழையே வைத்தார். வேறு எதை வைப்பார்? ஆழ்வார்களும் நாயன்மார்களும் தங்களைத் தாழ்த்திப் பாடிய மரபு அப்படியே கீர்த்தனைக்குள் இறங்கிவிட்டது. நாயேன் என்பதும் நீசன் என்பதும் அந்த வழியில் வந்தவைதான்.

அந்த மரபில் தாழ்மை என்பது ஒரு அணி. மேலே இருக்கிறவன் இறங்கி வருவது. நிலம் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள். அப்படிப்பட்டவன் 'நான் நாய்' என்று பாடும்போது அதில் ஒரு ருசி உண்டு, கண்ணீர் உண்டு, உண்மையும் உண்டு. பாடி முடித்து வெளியே வந்தால் அவனை யாரும் நாய் என்று கூப்பிடப் போவதில்லை. நமக்கு அப்படியா? நாம் இறங்கி வர மேடு எங்கே இருக்கிறது? ஊர் நம்மை எந்தச் சொல்லால் கூப்பிட்டதோ அந்தச் சொல்லையே பக்தி என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இது சொல்லோடு மட்டும் நின்ற விஷயமில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து காற்சட்டைக் கால் மாதிரி இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். இடையில் சுவர். அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே பூசை, ஒரே பாட்டு. இரண்டு காலிலும் நின்றவர்கள் 'நாம் ஒரே குடும்பம்' என்றுதான் பாடியிருப்பார்கள். பாட்டு சுவரைத் தாண்டிக் கேட்கும். பாடியவர்கள் தாண்டிப் போக முடியாது.

இதையெல்லாம் நான் ஒருநாள் எங்க அம்மாவிடம் ஆவேசமாகச் சொன்னேன். அம்மா களை எடுத்துவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. கீர்த்தனைப் புத்தகத்தில் பாதி மனப்பாடம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீ படிச்சவன், சொல்ற. பண்ணையாரு முன்னால குனியிறதும் ஆண்டவரு முன்னால குனியிறதும் ஒண்ணாடா? அங்க குனிஞ்சா அவன் இன்னும் ரெண்டு மூட்டைய ஏத்துவான். இங்க குனிஞ்சா அவரு எறக்கி வைப்பாரு. நா பாவின்னு அவருகிட்டதான் சொல்லுவேன். வேற எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் வரவில்லை. ஆண்டவர் ஒருவருக்கு முன்னால் மட்டும் தாழ்ந்துகொள்வது, மற்ற எவனுக்கு முன்னாலும் தாழமாட்டேன் என்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி. கூலி உயர்வு கேட்டு எங்க தெருப் பெண்கள் நடவுக்குப் போகாமல் நின்ற நாட்களில், சாயங்காலம் கோயில் வாசலில் உட்கார்ந்து அவர்கள் பாடியதும் அதே கீர்த்தனைகள்தான். இதைப் பொய்யுணர்வு என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டுப் போகிற தோழர்கள் எங்க அம்மாவிடம் கொஞ்சம் பாடம் கேட்கலாம்.

ஆனால் ஒன்று. அந்த வேலையைச் செய்தது எங்க அம்மா. பாட்டு செய்யவில்லை. ஈனன் என்ற சொல்லிலிருந்து விஷத்தை எடுத்துவிட்டுப் பாடுகிற சாமர்த்தியம் அவளுடையது. எத்தனை காலம் விஷத்தை எடுக்கிற வேலையையும் நம் பெண்களே செய்துகொண்டிருப்பது? விஷமில்லாத பாட்டை எழுதித் தரக் கூடாதா?

பதினெட்டு வயதில் எழுதிப் பார்த்தேன். அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டு. 'கஞ்சிக் கலயத்துக்குள்ள கை நனைச்ச சாமி, எங்க கூலி நெல்லக் கணக்குப் பாக்க வந்து நில்லு சாமி' என்று ஆரம்பிக்கும். பாட்டுக் குழுவிடம் கொடுத்தேன். திருத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். கஞ்சி இருந்த இடத்தில் அப்பம், கூலி இருந்த இடத்தில் கிருபை, சாமி இருந்த இடத்தில் தேவன். கணக்குப் பார்க்க வந்து நிற்கச் சொன்ன இடத்தில் உள்ளத்தில் வந்து தங்கச் சொல்லியிருந்தார்கள். "கொச்சை இல்லாம இருந்தாத்தான் ஆராதனைக்கு ஆகும்" என்றார் பெரியவர் ஒருவர். அவரும் நம்ம ஆள்தான். அதுதான் வலித்தது. பண்டிகையன்று திருத்திய பாட்டைப் பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. யாருடைய பாட்டாகவும் இல்லை.

பிற்பாடு மதுரைக்கு வந்தபோதுதான் தியாபிலஸ் அப்பாவு ஐயரின் பாட்டுகள் காதில் விழுந்தன. பரட்டை என்ற பெயரில் எழுதியவர். 1940இல் பிறந்து 2005இல் இறந்தார். அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் தெரிந்தவர். தெரிந்துதான் இரண்டையும் தள்ளி வைத்து, நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு ஒரு முழு ஆராதனை முறையையே பாட்டாகக் கட்டினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு. பிதா என்ற சொல்லில் அம்மாவுக்கு இடமில்லை. பெத்தவர் என்பது எங்க தெருவில் தினமும் புழங்குகிற சொல்.

அவருடைய பாட்டுக்கும் இறையியலுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒலை. உலையைத்தான் ஒலை என்கிறோம். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பது. அன்றன்றைய அப்பத்துக்கான ஜெபத்தை அவர் அங்கே கொண்டுபோய் வைத்தார். நற்கருணையும் அங்கேதான் வந்து நிற்கிறது. அப்பம் துண்டு துண்டாகக் கைக்கு வரும், பக்கத்து ஆளைத் தொடாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். உலைச்சோறு அப்படியில்லை. யார் அரிசி போட்டது, யார் கை கிண்டியது, யார் பந்தியில் யார் என்ற கேள்வி வந்துவிடும். தென்மாவட்டக் கோயில்களில் வருஷா வருஷம் அசனம் போடுகிறோமே, அந்தப் பந்தியில் பக்கத்து ஊர் மேல்தெருக் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் நம் அண்டாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாழ்மையைப் பாடுவது சுலபம். ஒரு ஒலை என்று பாடிவிட்டால் சாப்பிட்டாக வேண்டும்.

அப்பாவு சொன்ன இன்னொன்றும் எனக்கு முக்கியம். நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், தங்கள் ஊருக்குத் தகுந்தாற்போல் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், அதற்குப் பயிற்சியோ அனுமதியோ வேண்டாம் என்றார். அதனால்தான் அந்த இசையைத் தேர்ந்தெடுத்தார். கீர்த்தனையை மாற்றினால் ராகம் கெடும் என்பார்கள். தெம்மாங்கை மாற்றாமல் பாடுகிறவர்கள் யார்?

அவரையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். பறையைக் கோயிலுக்குள் கொண்டு வந்தபோது முகம் சுளித்தவர்கள் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அடி உதை பட்டு மீண்ட நம் பெரியவர்களும் சுளித்தார்கள். எதை வெட்டிப் போட்டுவிட்டு வந்தோமோ அதையே பீடத்துக்கு முன்னால் ஏன் வைக்கிறாய் என்றார்கள். அந்தக் கேள்வியில் ரத்தம் இருக்கிறது. இறையியல் கல்லூரி வகுப்பில் அதற்குப் பதில் கிடைக்காது. பறையை யார் கட்டளைக்கு அடிக்கிறோம் என்பதுதான் விஷயம் என்று நான் நினைக்கிறேன். சாவு வீட்டுக்காரன் கூப்பிட்டு அடிப்பது வேறு, நம் பெத்தவருக்கு நாமே அடிப்பது வேறு. ஆனால் அடிபட்டவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கிற பொறுமை வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் கேசட் பாட்டுகள் வந்து நிறைந்தன. பெர்க்மான்ஸ் அடிகளாரின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' போகாத சேரி இல்லை. கை தட்டினால் போதும், பாடலாம். பாட்டுக் குழு பெரியவரின் உத்தரவு தேவையில்லை. 'அப்பா' என்று நெருங்கிக் கூப்பிடலாம், அழலாம், ஆடலாம். ஈனன், நீசன் என்ற புலவர் தமிழ் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை நம் சபைகள் கொடுக்கத் தவறியதால்தான் ஜனங்கள் பெந்தெகொஸ்தே கூரைக் கொட்டகைக்குப் போனார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த வகைப் பாட்டுகளில் பெரும்பாலும் 'நான்' மட்டும் இருக்கிறேன். என் கவலை, என் கண்ணீர், என் ஆசீர்வாதம். தெரு இல்லை. பம்புசெட் இல்லை. மண்ணாங்கட்டி எறிந்தவன் இல்லவே இல்லை. எறிந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஆறுதல் எனக்குப் பாதி ஆறுதல்தான்.

என் பாட்டுக்கு என்ன ஆச்சு என்பதைச் சொல்லி முடிக்கிறேன். திருத்திய பாட்டை அந்தப் பண்டிகைக்கு அப்புறம் யாரும் பாடவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். மிளகாய்த் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கஞ்சியும் இருந்தது, கூலியும் இருந்தது. அம்மாதான் பழைய தாளிலிருந்து தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் எழுதாத வரி ஒன்றும் அதில் சேர்ந்திருந்தது. 'பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒரே கூலி போடச் சொல்லு சாமி.'

ஆராதனைப் பாட்டு எழுதுகிற தோழர்களுக்குச் சொல்ல எனக்கு வேறு உபதேசம் இல்லை. நான் ஆம்பளை. அந்த வரி எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியதைக் குழுவிடம் கொடுப்பதற்கு முன் ஒருநாள் களைக்காட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே என்ன சேர்க்கிறார்கள், எந்தச் சொல்லில் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். நம் ஊர்களில் இப்படிப் புத்தகத்தில் ஏறாத பாட்டுகள் எத்தனையோ கிடக்கின்றன. எழுதி வைக்க ஆரம்பிப்போம். அம்மாமார்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.