பிரண்டையை மருந்தாகத் தின்னாதீர்கள்

வேலியில் படர்ந்து கிடக்கும் பிரண்டையைக் கண்டதும் 'எலும்புக்கு நல்லதாம்' என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுகூட ஒடிக்காமல் போகிறவர்களால்தான் அது சமையலறையை விட்டே போனது. நல்லது என்று சொல்லிச் சொல்லியே ஒரு சாப்பாட்டை நோயாளிப் பத்தியமாக்கிவிட்டார்கள். அடிப்படை ரொம்பச் சின்னது. நான்கு பட்டையுள்ள தண்டு, திராட்சையின் குடும்பம். ஒடித்தால் பால் வடிகிறதா? அது வேறு செடி, விட்டுவிடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நுனியில் தானாக ஒடிகிற இளந்தண்டை மட்டும் எடுங்கள். கணுவைத் தள்ளி, நாரை உரித்து, பச்சை நிறம் மங்கும்வரை நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், புளி, உப்போடு அரைத்தால் துவையல். சமையல் பாடம் முடிந்தது.

பாடமாக வேண்டியது வேறொன்று. சாப்பிடாமலே ஒதுக்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'கசக்கும்' என்ற ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு, அரிப்பு வேறு. சுண்டைக்காயில் இருப்பது கசப்பு. அது நாக்கு உணரும் சுவை. உப்பு அதை அடக்கும். அதனால்தான் சுண்டைக்காயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்தார்கள். வாழைப்பூவில் இருப்பது துவர்ப்பு. அங்கே டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழுவழுப்பு போய் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. நறுக்கிய பூவை மோரில் போட்டால், டானினுக்கு எச்சிலுக்கு முன்பே மோரின் புரதம் கிடைத்துவிடுகிறது. ஒரே மோர், இரண்டு இடத்தில் இரண்டு வேலை! பிரண்டையின் சங்கதி இரண்டும் இல்லை. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசிபோல் தைக்கின்றன. அது சுவையே அல்ல, குத்தல். துவையலில் சேர்க்கிற புளிதான் அதற்கு வைத்தியம். கருணைக்கிழங்குக்கும் இதே குணம், இதே புளி வைத்தியம். இந்த மூன்றையும் பிரித்தறியாதவர் பிரண்டையில் உப்பை அள்ளிப்போட்டுவிட்டு, செடியின்மேல் பழி சொல்வார். முற்றிய தண்டை அரைவதக்கலாக இறக்கி அரைத்துவிட்டு, 'நாட்டுச் சுவை அப்படித்தான் இருக்கும்' என்று சமாளிக்கும் உணவகங்களும் இந்த வகைதான்.

இதெல்லாம் பஞ்சகாலத்துத் தீனி, வசதி வந்தபின் எதற்கு என்று ஒரு கேள்வி உண்டு. பஞ்சத்துக்கு மட்டும் என்றால் திவசச் சமையலில் பிரண்டைத் துவையலுக்கு எதற்கு இடம்? அப்பள மாவில் எதற்குப் பிரண்டைச் சாறு? ஆக்சலேட் சிறுநீரகத்துக்கு ஆகாதே என்பது நியாயமான கேள்வி. கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் இதைத் தட்டு நிறையவா தின்னப்போகிறோம்? தொட்டுக்கொள்ளத்தானே. நவீனப் பாரம்பரியவாதிகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், வரகையும் தினையையும் நூடுல்ஸாகவும் பிஸ்கட்டாகவும் ஆக்கி விற்றார்களே, அவர்கள் கையில் பிரண்டை ஏற்கெனவே மாத்திரையாகிவிட்டது. மாத்திரையில் வதக்கல் ஏது, புளி ஏது? எந்தத் தண்டு இளசு என்று விரலுக்குத் தெரிந்த அறிவு டப்பாவில் வராது. அது தெரிந்தவர்கள் இன்னும் கீரைக்கூடையோடு தெருவில் வருகிறார்கள், கேட்டால் சொல்வார்கள். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: முதல் தடவை இட்லிக்குத் தொட்டுப் பார்க்காதீர்கள், எடுபடாது. சுடுசோற்றில் நல்லெண்ணெயை ஊற்றி, துவையலைப் பிசைந்து, சுட்ட அப்பளத்தோடு சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து மறுநாளும் சாப்பிடுங்கள். புளி நன்றாக ஊறியிருக்கும்.