ஒளிப்படக் கலையில் நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். பாட்டிற்கு அவர் கூறிய இவ்விலக்கணம் ஒளிப்படத்திற்கும் பெரிதும் பொருந்துவதாகும். ஓவியன் தான் காணாத நிலத்தைத் தீட்டலாம். புலவன் கழிந்த பொழுதை நினைந்து பாடலாம். ஒளிப்படக் கலைஞனோ ஒரு நிலத்தில் ஒரு பொழுதில் நின்றாலன்றிப் படம் பெறான். ஆயினும், கமராவின் விசையை அழுத்தியவுடன் அவன் தொழில் முடிந்துவிடுவதில்லை. பிலிமைக் கழுவி நெகட்டிவைப் பெற்ற பின்னர், இருட்டறையிலே பிரதி எடுக்கும்போதே கறுப்பு வெள்ளைப் படம் தன் முழு உருவை எய்துகின்றது. அவ்விருட்டறையில் கலைஞனுக்கு உள்ள உரிமை எத்துணை, அவ்வுரிமைக்கு எல்லை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. வன்னி நாட்டின் காட்சிகளைப் படம்பிடிக்க முற்படும் இளைஞர்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று.

இருட்டறையில் நிகழ்வது யாதெனின், நெகட்டிவின் ஊடாகப் பாயும் ஒளி வெள்ளியுப்புப் பூசிய தாளின்மீது விழுகின்றது. டெவலப்பரில் இட்டவுடன் ஒளி பட்ட இடம் கறுக்கின்றது; ஒளி படாத உப்பை ஹைப்போ என்னும் கரைசல் நீக்குகின்றது. ஒளி பாயும் வேளையில் ஓரிடத்தைக் கையாலோ அட்டையாலோ சிறிது நேரம் மறைத்தால் அவ்விடம் வெளிறும்; அட்டையில் இட்ட துளைவழியே கூடுதல் ஒளி பாய்ச்சினால் அவ்விடம் கருகும். வன்மையான தாளைத் தெரிந்தால் கறுப்பும் வெள்ளையும் பகைத்து நிற்கும்; மென்மையான தாளைத் தெரிந்தால் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் பலவாய் விரியும். ஒரே நெகட்டிவிலிருந்து ஒருவன் நண்பகலையும் மற்றொருவன் அந்திமாலையையும் பெறுதல் கூடும்.

ஆகவே, நெகட்டிவை ஏட்டுச் சுவடிக்கும் பிரதியைப் பதிப்பிற்கும் ஒப்பிடலாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளை ஒப்புநோக்கி நூல்களைப் பதிப்பித்தபோது, பாடங்களுள் ஒன்றைத் தெரியும் உரிமை அவருக்கு இருந்தது. பதிப்பாசிரியனுடைய புலமை அத்தெரிவிலேயே விளங்கும். ஆனால், செல்லரித்த இடத்தில் தன் சொந்த அடியை எழுதிச் சேர்த்து, அதனை மூலமெனக் காட்டும் உரிமை எப்பதிப்பாசிரியனுக்கும் இல்லை. இருட்டறைக் கலைஞனுக்கும் இவ்வரம்பே தக்கது.

இவ்வளவுகோலால் அளத்தற்கு உரியவர் கப்டன் லினேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராய் இருந்த அவர், 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். அக்காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கே மிகுதியும் வசப்படுவன. ஆதலின் வானம் பிரதியில் முகிலின்றி வெறும் வெள்ளையாய் நிற்கும். அவ்வெறுமையைப் பொறாத டிரைப், தம் நெகட்டிவ்கள் பலவற்றில் தம் கையாலே நிறம் தீட்டி முகில்களை அமைத்தார். அவற்றின் வனப்பை மறுத்தல் இயலாது. வெறுமையான வானும் மெய்யன்று, மருந்தின் குறையே அதனை வெறுமையாக்கிற்று என அவர் சார்பில் வாதிடுவாரும் உளர். எனினும், செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுதல் வேறு; அதனை நிரப்பிவிட்டு வாளாவிருத்தல் வேறு.

அவரே தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டை இருபத்தொரு பிரதிகளாக எடுத்து, பத்தொன்பது அடிக்கு மேற்பட்ட ஒரே நீள்படமாக ஒட்டிச் சேர்த்தார். எழுத்தை வாசிப்பார் உளர் என்பதை நோக்கமாகக் கொண்ட பணி அது. அங்கே ஓர் எழுத்தைத் தாமாகப் புனைந்து சேர்த்தல் பணியையே கெடுத்துவிடும். வானிலோ அவர் கை தயங்கவில்லை. கல்வெட்டை வாசிப்பார் உண்டு, வானை வாசிப்பார் இல்லை என்ற எண்ணம் அச்செயலுள் அடங்கியிருக்கிறது. அவ்வெண்ணத்தையே மறுக்க வேண்டியுள்ளது.

பிற்காலத்தார் இருவரை இதனோடு வைத்து நோக்கலாம். அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்து எர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் நிலவெழும் காட்சியொன்றைப் படம்பிடித்தார். அதன் முற்காலப் பிரதிகளில் மேல்வானிலே மெல்லிய முகில்கள் தெரிகின்றன. பிற்காலப் பிரதிகளிலே அவை மறைய, வானம் கரும்பட்டுப் போல் ஆகின்றது. மாலைப்பொழுது நள்ளிரவை நோக்கி நகர்ந்துவிட்டது. இஃது எல்லையின் விளிம்பில் நிற்கும் பதிப்பு. ஆனால் அவர் எதனையும் புதிதாகத் தீட்டவில்லை; நெகட்டிவும் காக்கப்பட்டிருப்பதால் மாற்றத்தின் அளவை எவரும் அளந்தறியலாம்.

இலங்கையரான லயனல் வென்ட் (1900 - 1944) அடம்ஸைப் போலவே பியானோ வாசிப்பில் தேர்ந்தவர். இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தல், பிரதியின் ஒளியையும் நிழலையும் தலைகீழாக்குதல் போன்ற துணிந்த முயற்சிகளை அவர் இருட்டறையில் மேற்கொண்டார். டிரைப்பின் முகிலைக் குறைகூறுவோர் இவற்றையும் குறைகூறல் வேண்டாவோ எனின், வேண்டா. வென்ட்டின் இணைப்புப் படத்தைக் காண்பவன் அது இணைப்பென்பதை முதற்பார்வையிலேயே உணர்கின்றான். புனைவு தன்னைப் புனைவென்றே அறிவித்துக்கொள்கிறது. டிரைப்பின் முகில் தன்னை மெய்யென அறிவிக்கின்றது. குற்றம் மாற்றுவதில் இல்லை. மாற்றியதை மறைப்பதிலேயே உள்ளது.

இனி வன்னிக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் மலைக்காட்சிகள் அரியன. காடும் வயலும் குளமும் கடற்கரையுமாகிய முல்லை, மருதம், நெய்தல் நிலங்களே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரணைமடுவின் அணைக்கட்டில் நின்று நோக்குவான் முன்னே நிலம் ஒரு கோடாய் ஒடுங்க, நீரும் வானுமே படத்தை நிறைக்கின்றன. எனவே வானை எவ்வாறு பிரதி எடுப்பது என்னும் வினா வன்னியில் அலங்காரம் பற்றிய வினாவன்று; காட்சியின் பெரும்பகுதியைப் பற்றிய வினா. அவ்வானை வாசிப்பாரும் அங்கு உளர். காலபோகத்திற்கு விதைக்கும் உழவன் ஐப்பசி, கார்த்திகை முகிலின் நிறத்தையும் செறிவையும் எழுத்தைப் போலப் படிப்பவன். அவன் முன்னே பொய்முகிலைக் காட்டுதல் பொய்ச்சாசனம் காட்டுதலோடொக்கும்.

நிறத்திலும் இடர் உண்டு. செம்மண் தெருவும் அதன் இருமருங்கும் நிற்கும் பசுங்காடும் கண்ணுக்கு முற்றிலும் வேறுபட்டவை. கறுப்பு வெள்ளைப் பிலிமிலோ இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். வில்லையின் முன் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் மண் வெளிறும், இலையும் நீலவானும் கருகும். பச்சைக் கண்ணாடியை மாட்டினால் இலை வெளிறும், மண் கருகும். ஒரு தெரிவும் செய்யாத படம் நடுநிலையான படமாகாது. அது தெருவையே இழந்த படமாகும். ஆகவே தெரிவு வேண்டும். அத்தெரிவு பொழுதிற்கு இசைந்ததாதலும் வேண்டும். சோளகம் புழுதி எழுப்பும் ஆடி மாதத்து நண்பகலில் வானம் உண்மையாகவே வெளிறியிருக்கும். அதனைக் கருக்குதல் பிழை. மாரிமுகில் கவிந்த வானை வெறும் வெள்ளையாய் விடுதலும் அத்தகைய பிழையே.

இவ்வெல்லை மிகவும் சோதிக்கப்படுவது துயரத்தைக் காட்டும் படங்களிலேயாம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பின்னர், தலையிழந்த பனைகளும் கூரையற்ற சுவர்களும் வன்னிக் காட்சியில் இடம்பெற்றன. நந்திக்கடலைப் படமாக்குவோன் வன்மையான தாளில் வானைக் கருக்கி, நீரை ஈயமாக்கி, இழவை எளிதில் உண்டாக்கிவிடலாம். காண்போர் நெஞ்சம் கலங்கும். ஆனால் அக்கலக்கம் அட்டைத்துளையிலிருந்து வந்தது, நிலத்திலிருந்து வந்ததன்று. தலையிழந்த பனை, முகிலற்ற சாதாரணப் பகல்வானின்கீழ், மென்மையான சாம்பல் நிறங்களுடன் நிற்கட்டும். அத்தகைய தெளிந்த பகலிலும் அது நிகழ்ந்தது என்பதே பொறுத்தற்கரிய செய்தி. உரிப்பொருள் முதற்பொருளினின்று எழுதல் வேண்டும், அதன்மேல் பூசப்படலாகாது.

ஏடு இல்லையேல் பதிப்பை ஆராய வழியில்லை. பரீஸ் நகரின் பழைய தெருக்களையும் கடைமுகப்புக்களையும் பல்லாண்டுகள் படமாக்கிய இயூஜீன் அட்ஜே 1927இல் இறந்தார். அவரிடம் எஞ்சியிருந்த கண்ணாடி நெகட்டிவ்களையும் பிரதிகளையும் பெரெனிஸ் அபொட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1928இல் வாங்கிக் காத்தார். 1968இல் அவை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. லயனல் வென்ட்டின் நெகட்டிவ்களோ அவர் மறைவின் பின் அழிக்கப்பட்டன, எஞ்சியவை பிரதிகளே. வன்னியிலோ இடப்பெயர்வுகளின்போது குடும்பப் படத்தொகுப்புக்களும் ஸ்ரூடியோக்களில் இருந்த நெகட்டிவ்களும் எரிந்தும் நனைந்தும் அழிந்தன. பிற நாட்டார்க்குக் கலைச்செல்வமாயிருப்பது, உறவினரின் முகத்தையும் வீட்டின் முற்றத்தையும் தேடுவார்க்கு ஒரே சான்றாகவும் அமைகின்றது.

ஆதலின் இன்று வன்னியில் கமரா ஏந்துவோர்க்கு இரு கடமைகள் உள. பிரதி எடுக்குங்கால் தெரிவு செய்க; நெகட்டிவைத் திருத்தாது காத்து வைக்க. முன்னையது கலை, பின்னையது சான்று. தெரிவு பிழைத்ததாயின், பின்வருவோன் அதே நெகட்டிவைக் கையிலேந்தி இருட்டறைக்குட் சென்று, அந்நிலத்தையும் அப்பொழுதையும் மீண்டும் ஒருமுறை சரிவரப் படித்துக்கொள்வான்.